செம்பட்டையின் கடைசி கோலும் என் மொட்டையும்

என் நிச்சயதார்த்த ஆல்பத்தை யார் கேட்டாலும் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பட்டுப்புடவை, கழுத்தில் காசுமாலை, கை நிறைய வளையல், தலையில் மட்டும் ஒரு முடிகூட இல்லாமல் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிற பெண் நான்தான். பார்க்கிறவர்கள் முதலில் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு ஏதாவதா?" என்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அயர்லாந்தில் ஒரு பந்தாட்டக்காரன் ரிட்டயர் ஆனான், அதற்காக என்று சொல்வேன். அதற்குப் பிறகு வருகிற கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருத்தணியில், மலையடிவாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, விசைத்தறித் தெருவில் எங்கள் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள். தறி ஓடும் வீட்டில் சீரியல் பார்க்க முடியாது. எந்த மாமியார் எந்த மருமகளுக்கு விஷம் வைக்கப் போகிறாள் என்பது காதிலேயே விழாது. சினிமாவுக்கும் அதே கதி. சத்தமே இல்லாமல் பார்த்தாலும் முழுசாகப் புரிகிற ஒரே சமாச்சாரம் கால்பந்துதான். பந்து வலைக்குள் போனால் சந்தோஷம், வெளியே போனால் துக்கம். இதற்கு வசனம் எதற்கு? (கிரிக்கெட் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதில் பாதிப் பேர் பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள். தறிக்காரர் வீட்டில் சும்மா நிற்கிறவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.) படிக்கிற காலத்திலிருந்தே, ஒரு பக்கம் நைனாவுக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் போனை நூல்கண்டின் மேல் சாய்த்துவைத்து ஐரோப்பா பூராவும் ஆட்டம் பார்த்தவள் நான். ஒரு நாள்கூட வர்ணனை கேட்டதில்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு என் தலையில் வந்து விடியப் போகிறது.

அப்படிப் பார்க்கும்போது கண்ணில் பட்டவன்தான் செம்பட்டை. நிஜப்பேர் வேறு. அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால், முடியின் நிறத்தைப் பார்த்து நானே வைத்த பேர் இது. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஏதோ மீன்பிடி ஊர்க்காரன். முன்வரிசை ஆட்டக்காரன், அதாவது கோல் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். நான் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் அவனுக்குப் பெனால்டி கிடைத்தது. எதிரே கோல்கீப்பர் ஒருவன் மட்டும். செம்பட்டை ஓடிவந்து உதைத்த உதையில் பந்து கம்பத்துக்கு மேலே போய், கூட்டத்தையும் தாண்டி, கூரையில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவன் அடுத்த நிமிஷமே கையைத் தூக்கி, "இங்கே போடு பந்தை" என்று கேட்டான். வெட்கமே இல்லாமல் கேட்டான். அந்த ஒரு கைக்காகத்தான் நான் அவன் கட்சியில் சேர்ந்தேன்.

அவன் தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்படும்படி அதிகம் இல்லாததால் சுருக்கமாகவே முடிந்துவிடும். பெரிய கிளப் ஒன்று அவனை இளசாக வாங்கி பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகு, பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பதுபோல வேறு வேறு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்தது. போன இடத்திலெல்லாம் முழங்கால் போனது. கால் சரியானபோது கிளப் கீழ் டிவிஷனுக்குப் போனது. நாட்டு அணியில் மட்டும் ஒரு தடவை, கொட்டுகிற மழையில், பெரிய அணி ஒன்றுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். அன்றைக்கு அயர்லாந்து முழுக்க யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். நானும் தூங்கவில்லை. அதற்குப் பிறகு மறுபடி இரவல், மறுபடி முழங்கால். ஒவ்வொரு தடவையும் தவறவிட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிப் பந்தைக் கேட்டான். கடைசியில் அந்தச் செம்பட்டை முடியும் கொட்டி, நான் வைத்த பேர்தான் அவன் தலையில் மிச்சம் இருந்தது.

இதற்கிடையே எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போய், அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடத் தொடங்கிய நேரத்தில் அரக்கோணத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, என் பின்னலைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். முழங்கால் வரை தொங்கும் பின்னல் அது. "இதுக்கு மேல என்னாங்க வோணும்? எங்களுக்கு சம்மதம்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்னிடம் பேசியது பத்து நிமிஷம் இருக்கும். அதில் பாதி, வேலைக்குப் போகிற ரயில் எது, உட்கார இடம் கிடைக்குமா என்பது. அம்மா ஏற்கெனவே என்னை மிரட்டி வைத்திருந்தார்: "பந்து கிந்துன்னு வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்." நான் திறக்கவில்லை. அந்த ஆள் எனக்குப் பிடித்திருந்தது என்பதும் ஒரு காரணம். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்த முதல் மாப்பிள்ளை அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டிலேயே நிச்சயம் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், செம்பட்டையின் கடைசி ஆட்டம்.

அன்று நைனா பாக்கித் துணியை முடித்துவிட வேண்டும் என்று தறியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு கையிலும் மருதாணி. போன் வழக்கம்போல் நூல்கண்டின் மேல். செம்பட்டையை முடிகிற நேரத்துக்குத்தான் உள்ளே இறக்கினார்கள். அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். இத்தனை வருஷம் தோற்றுக்கொண்டே இருந்தவன் கடைசி நாளிலும் வெறுங்கையோடு போவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கேயே மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். "முருகா, இவனுக்கு கடைசியா ஒரே ஒரு கோல் குடுத்துடு. பொழுது விடிஞ்சதும் மேல வந்து மொட்ட போட்டுக்கறேன்" என்றேன். மறுநாள் நிச்சயம் என்பது மறந்துபோகவில்லை. ஆனால் பெரிதாகக் கேட்டால் பெரிதாகத்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் பெரிதாக இருந்தது அந்தப் பின்னல் ஒன்றுதான்.

கேட்டு வாய் மூடவில்லை. யாரோ பந்தைத் தள்ளிவிட, செம்பட்டை குறுக்கே பாய்ந்து, இருக்கிற உயிரையெல்லாம் காலில் கொண்டுவந்து உதைத்தான். வலை புடைத்தது. அவன் மைதானத்தின் மூலையை நோக்கி ஓடினான். நான் கத்திய கத்தலில் நைனா, தறியில் என் கை மாட்டிவிட்டது என்று நினைத்து மோட்டாரை அணைத்துவிட்டு ஓடிவந்தார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். என் கை நன்றாக இருப்பதையும், மருதாணி சுவர் முழுக்க அப்பியிருப்பதையும் அம்மா பார்த்தார். போனை எடுத்தார், பீரோவில் வைத்தார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிச்சயம் முடியற வரைக்கும் போன் கெடையாது."

கிடைக்காவிட்டால் போகிறது, நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது என்று இருந்தேன்.

விடிந்ததும், மேலே போய் முருகனைக் கும்பிட்டு வருகிறேன் என்றேன். நல்ல காரியத்துக்கு முன்னால் பெண்ணுக்கு இப்படி ஒரு பக்தியா என்று அம்மாவுக்கு ஆனந்தம். "சீக்கிரம் வந்துடு, பூ வெச்சி ஜட பின்னணும்" என்று அனுப்பினார். நிச்சயம் முடிந்தபிறகு மொட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் திருத்தணி முருகனிடம் தவணை சொல்லக்கூடாது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். என் தாய்மாமன் இப்படித்தான் ஒரு வேண்டுதலை அடுத்த ஆடிக்கிருத்திகைக்குத் தள்ளிப்போட்டார். அடுத்த ஆடிக்குள் அவர் தறி மோட்டார் எரிந்து, மாற்றிய மோட்டாரும் எரிந்தது.

முடி இறக்குகிற இடத்தில் இருந்த அண்ணன் என் பின்னலையும் மருதாணிக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூ முடியாம்மா?" என்றார். பெண்களுக்கு நுனியில் கொஞ்சம் கத்தரித்து, அதையே காணிக்கையாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

"மொட்டைங்கண்ணா."

"கல்யாணப் பொண்ணு மாரி கீறியே. பூ முடி போதும்மா, சாமி ஒண்ணும் சொல்லாது."

"மொட்டைன்னுதான் வேண்டிகினேன்."

"வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லியா?"

"இல்லண்ணா. ஒருத்தன் ரிட்டயர் ஆயிட்டான், நல்லபடியா ஆவணும்னு வேண்டிகினேன். அயர்லாந்துக்காரன்."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அது ரேணிகுண்டாவுக்கு அந்தாண்டயா?"

"ரொம்ப அந்தாண்டண்ணா."

தலையில் தண்ணீர் தெளித்தார். பின்னல் மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த நைனா, "யாரும்மா வோணும்?" என்று கேட்டார். அடையாளம் தெரிந்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள் அடுப்பை விட்டு ஓடிவந்தார்கள்.

"ஏண்டி, அவன் தலையிலயே முடி இல்ல, அவனுக்கா நீ முடி குடுத்த? அந்த ஜடய பாத்துதானேடி அந்தம்மா செரின்னாங்க! பூ முடி குடுத்துட்டு வரக்கூடாது?"

சவுரி வைக்கலாம் என்றாள் ஒருத்தி. எதில் கட்டுவது? அழகு நிலையத்துப் பெண் எங்கிருந்தோ ஒரு டோப்பா கொண்டுவந்தாள். போட்டால் புருவம் வரை இறங்கியது, குனிந்தால் கழன்றது. அதைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்தேன். "சந்தனத்த குழச்சி எடுத்தாந்து குடு. இப்பிடியேதான் வருவேன்" என்றேன். அதற்குள் தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்பிவிட்டது.

சந்தனத் தலையோடு கூடத்தில் போய் நின்றேன். வருங்கால மாமியாரின் கையிலிருந்த பூப்பந்து, என் பின்னலில் வைக்க அரக்கோணத்திலிருந்து ஆசையாக வாங்கி வந்தது, கீழே உருண்டது. அந்த நொடியில் அம்மா வாயைத் திறந்தார். பெற்ற வயிறு அல்லவா, பொய் தானாக வந்தது.

"மாப்ள தீர்க்காயுசா இருக்கணும், இந்த சம்பந்தம் நல்லபடியா முடியணும்னு வேண்டிகினு இருக்குதுங்க. எங்ககிட்ட கூட சொல்லல."

அத்தை (வருங்கால மாமியாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டார். "எம் புள்ளைக்காகவா, எம் புள்ளைக்காகவா" என்று சந்தனத் தலையைத் தடவினார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்று, "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்ணா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பது. இத்தனை சுலபமான பந்து செம்பட்டைக்கே கிடைத்ததில்லை.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அந்த மனுஷன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மெல்ல, "எனக்காகவாங்க? நான் என்னங்க செஞ்சேன் உங்களுக்கு?" என்றார். இந்த ஆள் வாழ்நாள் முழுக்க என் தலையைப் பார்க்கும்போதெல்லாம் இப்படிக் குறுகுவார். முடி வளர வளர நானும் பொய்யை வளர்க்க வேண்டும். போதாததற்கு, செம்பட்டையின் கோலுக்கு நான் கொடுத்ததை வேறு ஒருவர் கணக்கில் எழுதுவதா?

"உங்களுக்கு இல்லீங்க" என்றேன்.

அம்மா என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. "அயர்லாந்துல ஒரு ஃபுட்பால் பிளேயருங்க. நேத்து அவனுக்கு கடைசி மேட்ச். கோல் போட்டா மொட்டன்னு வேண்டிகினேன். போட்டான். அவ்ளோதான்."

பெரியப்பா நின்றபடியே இருந்தார், உட்கார மறந்துவிட்டார். அத்தை என் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து என்னை விசித்திரமாகப் பார்த்தார். வயசானவன், மொட்டைத்தலை, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவானே அவனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்த கோல குடுக்கலியேங்க" என்றார்.

"என்னாது?"

"ஆஃப்சைடு. அவன் மூலைக்கு ஓடினப்புறம் லைன்ஸ்மேன் கொடி தூக்கிட்டான். கோலு இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

தறிச் சத்தத்தில் விசிலும் கேட்கவில்லை, கூட்டம் ஊளையிட்டதும் கேட்கவில்லை. கொடி தூக்கியபோது நான் போனைப் பார்க்காமல் கத்திக்கொண்டிருந்தேன், கோல் இல்லை என்றபோது போன் பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வேறு பெண்ணாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. முடி போன கோபம் இல்லை. அந்தப் பாவிப்பயலுக்குக் கடைசிக் கோலைக்கூடக் கொடுக்கவில்லையே என்ற கோபம்.

"அது எப்பிடிங்க ஆஃப்சைடு? கண்ணு தெரியுதா உங்களுக்கு?" என்றேன், நிச்சயம் ஆக வேண்டிய மாப்பிள்ளையிடம், முதல் வாக்குவாதமாக.

"ஒரு காலு தாண்டி இருந்துச்சிங்க."

"எந்தக் காலு? வந்து காட்டுங்க!"

காட்டினார். தாம்பூலத் தட்டை நடுவில் இழுத்தார். தேங்காயைக் கோல்கீப்பராக நிறுத்தினார். வாழைப்பழங்கள் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள். மஞ்சள்கிழங்கு செம்பட்டை. கொட்டைப்பாக்கு பந்து. "இந்த கொட்டப்பாக்க தட்டிவிடற அந்த நிமிசத்துல, மஞ்சளு இந்த கடைசி வாழப்பழத்த தாண்டி நிக்கக்கூடாது. நின்னுச்சி" என்றார். நான் மஞ்சளைப் பின்னால் இழுத்தேன். அவர் முன்னால் தள்ளினார். நான் இழுத்தேன். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சொன்னார்கள், நாங்கள் காதில் வாங்கவில்லை.

கடைசியில் நைனாவே பீரோவைத் திறந்து போனைக் கொண்டுவந்தார். கூடமே குனிந்து பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் கண்ணுக்கும் அது ஆஃப்சைடு. பெண் வீட்டார் ஒருவர் கண்ணுக்கும் இல்லை. நைனா கண்ணாடி போடாமலேயே, "எம் பொண்ணு சொல்றது கரெக்ட்டுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்குத் திரையில் தெரிந்தது வெறும் பச்சை நிறம் மட்டும்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அத்தை மட்டும் பார்க்கவில்லை. எழுந்துவிட்டார். "யாரோ ஒருத்தனுக்கு, அதுவும் இல்லாத கோலுக்கு, அந்த முடிய குடுத்துட்டு வந்து நிக்குது. அந்த முடிய பாத்துதான்டா நான் தலையாட்டினேன். கெளம்பு."

நைனாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்றாவது இடமும் போனது என்று நான் முடிவு செய்துகொண்டேன். சொன்னதற்காக அப்போதும் வருந்தவில்லை. மாப்பிள்ளை மஞ்சள்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நீ அன்னிக்கே முடிய பாத்து தலையாட்டிட்டம்மா. நான் இப்பதான் ஆட்டறேன்" என்றார். "ஃபுட்பால்னு சொல்லாத, கிரிக்கெட்டு பாக்கறேன்னு பொண்ணு வீட்ல சொல்லுன்னுதானே நீயும் என்ன சொல்லி கூட்டியாந்த. இந்தப் பொண்ணு எவ்ளோ பேரு எதிர்ல உண்மைய சொல்லுது பாரு."

அத்தை, உருண்டு கிடந்த பூப்பந்தை எடுத்து என் மடியில் வைத்தார். "பூ நிக்கற அளவுக்கு முடி வளரட்டும். அப்புறந்தான் கல்யாணம்" என்றார். அந்த மஞ்சளையும் பாக்கையும் அதே தட்டில் திரும்ப அடுக்கித்தான் மாற்றிக்கொண்டார்கள்.

தோள் வரை வளர்ந்த முடியில் சவுரி வைத்துக் கல்யாணம் நடந்தது. செம்பட்டை இப்போது சொந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறானாம். நான் அரக்கோணத்தில் இருக்கிறேன். தறியில்லாத வீடு, வர்ணனை நன்றாகக் கேட்கிறது. இரைச்சல் தாங்காமல் நான்தான் சத்தத்தை அணைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் உடனே சந்தோஷப்பட முடியாது. போனஸ் வருகிறது என்று இவர் சொன்னாலும், மழை விட்டுவிட்டது என்று நான் சொன்னாலும், "கொடிய பாத்தியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைத் தெரியாதவர்களுக்கு, "ஆஃப்சைடு மொட்ட, அந்தப் பொண்ணுதான்" என்றுதான் அறிமுகம். சொல்லட்டும், நான் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன்.

போன மாதம் எங்கள் மகளுக்கு முதல் மொட்டை போடத் திருத்தணி மலைக்குப் போனோம். முடி இறக்குகிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது அத்தை சந்நிதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவர் வேண்டினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

"முருகா, எம் மருமவ முடி உங்கிட்டதான் கீது. அந்த அயர்லாந்து புள்ளைக்கு ஒரு கோலு நீ பாக்கி. மறந்துடாத."

"அம்மா, அது ஆஃப்சைடு" என்றார் இவர்.

"போடா. வாழப்பழத்துக்கு நேராத்தான் நின்னுச்சி மஞ்சளு, நூலளவு கூட தாண்டல. நீ ஆபீஸ் போனப்புறம் இவ போன வாங்கி எத்தினி வாட்டி போட்டுப் பாத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கே தெரியாது. குழந்தையை அவர் மடியில் கொடுத்துவிட்டு, இவர் காதில் விழும்படி சொன்னேன்: அத்தையும் நானும் ஒரு கட்சி, இரண்டுக்கு ஒன்று.